கூட்டு விருந்தில் சுண்டலுக்கும் இடம் வேண்டும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

உண்பது உயிர் வாழ்வதற்கு மட்டுமன்று, உறவு வளர்ப்பதற்கும்தான். ஆண்டுக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத இருவர் ஒரே பந்தியில் அருகருகே அமர நேர்ந்தால், "அந்த ஊறுகாயைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள்" என்றாவது பேசித்தானே ஆகவேண்டும்? சோற்றுக்கு உள்ள ஆற்றல் அது.

அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பள்ளி ஆசிரியர் அறைகளிலும், ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவந்து எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பகிர்ந்து உண்ணும் வழக்கம் இன்று பெருகி வருகிறது. பொங்கல் விழாவா, ஆயுதபூசையா, பணி ஓய்வு விழாவா, உடனே ஒரு தாள் சுற்றுக்கு வருகிறது. இன்னார் இன்ன பதார்த்தம் என்று அதில் எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். 'பாட்லக்' என்று இதற்கு ஆங்கிலப் பெயரும் சூட்டியாயிற்று. நம்மில் பலர் இன்னும் சில மாதங்களில் வேலைக்குச் செல்லப்போகிறோம். பகுதி நேரமாக ஏற்கெனவே வேலை பார்ப்போரும் உண்டு. அந்தத் தாள் நம் கைக்கும் வரும். அதில் என்ன எழுதுவது என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். கூட்டு விருந்துக்கு எளிய, மலிவான பதார்த்தத்தையே கொண்டு செல்லவேண்டும். அதிகச் செலவு செய்ய வசதியுள்ளவர்தாம் முதலில் அப்படிச் செய்யவேண்டும். இது சிக்கனத்துக்காகச் சொல்வதன்று, சமத்துவத்துக்காகச் சொல்வது.

பெயரும் பொருளும்

'பாட்லக்' என்னும் சொல் ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டு முதலே வழங்கி வருகிறது. எதிர்பாராமல் வந்த விருந்தாளிக்கு அன்று பானையில் என்ன இருக்கிறதோ அதுவே கிடைக்கும் என்பதுதான் அதன் பழைய பொருள். பானையில் இருப்பதைப் பகிர்வது என்ற அந்தப் பொருள் இன்று மாறி, பானையைக் காட்டிப் பெருமை கொள்வது என்றாகி வருகிறது.

நமக்கு இது புதிதுமன்று. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரைக்குக் குடும்பம் குடும்பமாகச் செல்வோர் தூக்குவாளியில் எடுத்துச் செல்வது என்ன? சித்திரான்னங்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு. ஒரு குடும்பம் கொண்டுவந்ததை அடுத்த குடும்பம் கேட்டு வாங்கிச் சுவைக்கும். சிறுவர்கள் ஆளுக்கொரு பிடி அரிசியும் பருப்பும் கொண்டுவந்து மரத்தடியில் ஆக்கி உண்ட கூட்டாஞ்சோறும் இதே இனந்தான். அங்கே யார் வீட்டு அரிசி உயர்ந்தது என்று யாரும் கேட்டதில்லை.

யார் பெயர் தாளில் இல்லை?

இன்றைய அலுவலக விருந்துகளில் நடப்பது என்ன? ஒருவர் நெய் சொட்டும் முந்திரிப் பொங்கல் என்று எழுதுகிறார். அடுத்தவர் ஆட்டிறைச்சிப் பிரியாணி என்கிறார். மூன்றாமவர் கடையிலிருந்தே இரண்டு கிலோ இனிப்பு வரவழைக்கிறார். நான்காவதாகத் தாளை வாங்குபவர் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுகிறவராக இருந்தால் அவர் கை தயங்காதா? அவரும் கடன் வாங்கி ஈடுகொடுப்பார். இல்லையேல் அன்று விடுப்பு எடுப்பார். விருந்து நாளில் யாருக்கு அடிக்கடி தலைவலி வருகிறது என்று கவனித்துப் பாருங்கள், காரணம் விளங்கும்.

இதைவிட நுட்பமான இன்னொன்றும் உண்டு. என் தாயார் ஓர் அலுவலகத்தில் தினக்கூலிக்குத் துப்புரவுப் பணி செய்தவர். அங்கே ஒரு பொங்கல் விருந்துக்கு அதிகாரி முதல் எழுத்தர் வரை எல்லோர் பெயரும் தாளில் ஏறியது. அவர் பெயர் ஏறவில்லை. "நீங்க ஒண்ணும் கொண்டு வர வேண்டாம்மா, கடைசியில வந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்களாம். சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அம்மா பாத்திரங்களைத் துலக்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தார். ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் ஒண்ணு கொண்டாந்தாங்க. நான் எதைக் கொண்டாந்தேன், போய் உக்காந்து சாப்பிட?" என்றார்.

கூட்டு விருந்தின் உயிர்நாடி அந்தக் கேள்வியில் இருக்கிறது. உண்ண மட்டும் அழைக்கப்படுபவர் விருந்தாளி, அல்லது இரவலர். கொண்டுவந்து வைத்து உண்பவரே பங்காளி. "நீ கொண்டுவர வேண்டாம்" என்பது இரக்கம் போலத் தோன்றினாலும், உனக்கு இங்கே பங்கில்லை என்பதே அதன் பொருள். எனவே விலக்கு அளிப்பது வழியன்று. எவரும் கொண்டுவரக்கூடிய அளவுக்கு விருந்தின் தரத்தை எளிமையாக்குவதே வழி.

வரலாறு சொல்வது

ஒன்றாய் அமர்ந்து உண்பது இந்த மண்ணில் எளிதாகக் கிடைத்த உரிமையன்று. 1917இல் கேரளத்துச் செறாயியில் சகோதரன் அய்யப்பன் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உண்ணச் செய்து சமபந்தி நடத்தினார். அதற்காக அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று இகழ்ந்தார்கள்; அவர் அந்தப் பெயரையே பெருமையாக ஏற்றுக்கொண்டார். வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் மாணவர் சிலருக்குத் தனிப்பந்தி போடப்பட்டது. அந்தச் செய்தி 1924-25இல் தமிழகத்து அரசியலையே கலக்கியது. பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதைக் கடுமையாக எதிர்த்தனர். நாட்டின் விடுதலைக்கு உழைத்தவர் நடத்திய நிறுவனத்திலேயே சோற்றில் வேற்றுமை இருந்தது என்பதை வரலாற்று மாணவர் மறக்கலாகாது.

இன்று நம் அலுவலக விருந்துகளில் தனிப்பந்தி இல்லை. ஆனால், இன்னார் வீட்டுப் பாத்திரத்தில் மட்டும் கரண்டி இறங்காமலே அது திரும்பிப் போவதை நாம் காண்பதில்லையா? கருவாட்டுக் குழம்பின் மூடியைத் திறந்தவுடன் மூக்கைச் சுளிப்பதில்லையா? புலால் உண்ணாதவரை உண்ணச் சொல்வது நியாயமன்று. தனி மேசை, தனிக் கரண்டி, இன்னது என்று எழுதிய ஒரு சீட்டு, இவை போதும். ஒருவர் வீட்டில் அன்றாடம் உண்பதை 'இங்கே வைக்கத் தகாதது' என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

என்ன கொண்டு செல்லலாம்?

கூட்டு விருந்துப் பதார்த்தத்துக்கு இலக்கணம் நான்கு: விலை குறைவாக இருக்கவேண்டும், பேருந்து நெரிசலில் சிந்தக்கூடாது, பகல் ஒரு மணி வரை கெடக்கூடாது, ஆறினாலும் சுவைக்கவேண்டும். சாம்பார் இரண்டாவதில் தோற்கும். பூரி நான்காவதில் தோற்கும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு வெயில் நாளில் மூன்றாவதில் தோற்கும்.

நான்கிலும் தேறுவது புளியோதரை. முதல் நாள் இரவே புளிக்காய்ச்சலைச் செய்துவிடலாம். நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, வற்றல் மிளகாய், பெருங்காயம் தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கெட்டியான புளிக்கரைசலை ஊற்றி எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட வேண்டும். இறக்கும்போது வறுத்துப் பொடித்த வெந்தயம் சிறிது. காலையில் சோற்றை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுக் கலந்தால் போதும். ஒரு கிலோ அரிசியில், பல பதார்த்தங்களுள் ஒன்றாக, 20 பேருக்குப் பரிமாறலாம். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மட்டும் புளியை வைக்காதீர்கள், களிம்பேறும்.

சோற்றை ஆறவைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் சோறு கொதிக்கும் சூட்டிலும் அழிவதில்லை. சூட்டோடு மூடி மணிக்கணக்கில் வைத்தால், வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். புளியின் புளிப்பு அவற்றை அடக்கும். கட்டுச்சோற்றுக்குப் புளிச்சோற்றைத் தேர்ந்த நம் பாட்டிமார் அனுபவத்தால் அதை அறிந்திருந்தனர்.

எலுமிச்சைச் சோறு இன்னும் எளிது. பழச்சாற்றை அடுப்பில் கொதிக்கவிடாமல், தாளிப்பை இறக்கிய பின் பிழியவேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். தயிர்ச்சோறு மதியத்தில் புளித்துப்போகிறது என்பார்கள். காய்ச்சிய பாலில் சோற்றைக் குழைய மசித்து, ஆறியபின் இரண்டு கரண்டி தயிர் மட்டும் கலந்து எடுத்துச் செல்லுங்கள். வழியிலேயே உறைந்து, உண்ணும் வேளைக்குப் பதமாக இருக்கும்.

அடுத்தது நம் தலைப்பின் நாயகனாகிய சுண்டல். அரைக் கிலோ கொண்டைக்கடலையை இரவில் ஊறவைத்து வேகவைத்தால் எடை இரண்டு மடங்குக்கும் மேலாகும். 20 பேருக்கு ஆளுக்கொரு கைப்பிடி தாராளம். புரதச்சத்தோ மிகுதி. தேங்காய்த் துருவலைத் தனியே எடுத்துச் சென்று கடைசியில் தூவினால் கெடுமோ என்ற கவலை இல்லை.

விடுதி மாணவருக்கும் அறையெடுத்துத் தங்கி வேலை பார்ப்பவருக்கும் அடுப்பு ஏது? அவர்களுக்கும் வழியுண்டு. பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெள்ளரிக்காயும் மாங்காய்த் துண்டும் சேர்த்து எலுமிச்சை பிழிந்தால் கோசம்பரி. உப்பைக் கடைசியில் போடவேண்டும். முன்னரே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கலந்தால் பானகம். தயிரை நீர்விட்டுக் கடைந்து இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டால் நீர்மோர். கோடையில் பிரியாணியைவிட முதலில் தீர்வது இதுதான்.

வேகவைத்த வேர்க்கடலை, மரவள்ளிக் கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொள்ளுத் துவையல், கம்மங்கூழும் சின்ன வெங்காயமும்: இவற்றை வீட்டில் விரும்பி உண்போரும் வெளியே கொண்டுவர நாணுகின்றனர். அதே கம்பும் கேழ்வரகும் 'சிறுதானிய உணவு' என்ற பெயரில் பெரிய உணவகங்களில் அதிக விலைக்கு விற்கும்போது நாணாமல் வாங்கி உண்கிறோம். இது விந்தையன்றோ?

இரண்டு மறுப்புகள்

"ஆண்டுக்கு ஒரு நாள், அன்றாவது நல்லதாக உண்ணக்கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். உண்ணலாம். எல்லோரும் ஊதியத்துக்கேற்பப் பணம் போட்டு ஒரு சமையற்காரரை அமர்த்தி விருந்து வைக்கலாம். அது வேறு வகை விருந்து. தனித்தனியே கொண்டுவரும் விருந்தில் ஒவ்வொரு பாத்திரமும் ஒரு வீட்டின் முகம். முகங்களை விலைபோட்டு ஒப்பிடும் இடமாக அது ஆகிவிடக்கூடாது.

"எளியதோ அரியதோ, கடைசியில் அடுப்பில் நிற்பது பெண்கள்தாமே?" என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. கணவர் தம் பெயரைத் தாளில் எழுதிவிட்டு வருகிறார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுபவர் மனைவி. வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கோ இரு மடங்குச் சுமை. ஆகவே, யார் பெயர் தாளில் உள்ளதோ அவரே சமைக்கட்டும். எலுமிச்சைச் சோறு கிளறத் தெரியாத ஆண்மகன் பட்டம் பெற்று என்ன பயன்? எளிய பதார்த்தம் என்பதன் இன்னொரு நன்மை இது, எவரும் கற்றுக்கொள்ளலாம்.

முடிவாக

நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே! நம் துறை விருந்துகளிலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம். தாளில் பெயர்கள் பதவி வரிசையில் இல்லாமல் அகர வரிசையில் இருக்கட்டும். துறைத் தலைவர், கௌரவ விரிவுரையாளர், நூலக உதவியாளர், தோட்டக்காரர், துப்புரவுப் பணியாளர், மாணவர் என அனைவர் பெயரும் அதில் வரட்டும். இவ்வளவு செலவுக்கு மேல் வேண்டாம் என்று முன்னதாகவே ஒரு வரம்பு வைப்போம்; குறைந்த வருவாய் உள்ளவரைக் கேட்டு அந்த வரம்பை முடிவு செய்வோம். ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டியாவது எடுப்பது மரபாகட்டும். பாத்திரம் துலக்குவதும் இடத்தைப் பெருக்குவதும் முறைவைத்து எல்லோருக்கும் வரட்டும்.

நாளை நாம் அதிகாரிகளாகலாம். அன்று அந்தத் தாள் முதலில் நம் கைக்கு வரும். முதல் வரியில் நாம் எழுதுவதைப் பார்த்துத்தான் அடுத்தவர் எழுதுவார். அந்த வரியில் 'சுண்டல்' என்று எழுதுவோம். கடைசி வரிவரை எல்லோரும் தயங்காமல் எழுதுவார்கள்.