மயங்கியவருக்காகப் பேசுவோர் யார்?

அகத்தியர் மலையடிவாரத்துப் போனக்காட்டில் பிறந்தவன் நான். மார்கழி இரவில் எங்கள் லயத்தில் ஒருவர் ‘குளிருகிறது’ என்றால் மற்றொருவர் எழுந்து கம்பளி போர்த்துவார். சொல்ல இயலாதவர் நிலை என்ன? அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அன்னைக்கு ஒரு மருத்துவமனையில் மூன்று மணி நேரம் அறுவை நடந்தது. நோய் நீங்கிற்று. ஆனால், கண் விழித்தபோது உடல் வெடவெடவென நடுங்கியது. “மலைக்குளிர் பழகின எனக்கே தாங்கலை, ராசா” என்றார். வலக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்திருந்தன. தேயிலைக் கொழுந்தைக் கிள்ளுவது பெருவிரலும் சுட்டுவிரலும். கிள்ளியதை உள்ளங்கையில் அடக்கிப் பிடிப்பவை மற்ற விரல்களல்லவா? அக்கை தேற ஆறு திங்கள் ஆயிற்று.

மருத்துவம் பயில வந்த பின்னரே காரணம் விளங்கிற்று. மயக்க மருந்தினால் தோலையடுத்த இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடலின் நடுவேயுள்ள வெப்பம் கைகால்களுக்குப் பரவி வெளியேறுகிறது. முதல் மணி நேரத்திலேயே ஒரு டிகிரி செல்சியஸ் அளவு குறையக்கூடும். 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் அறுவைக்குள்ளான 200 பேரில், உடல் வெப்பம் சராசரி 34.7 டிகிரிக்கு இறங்கியோருள் நூற்றுக்கு 19 பேருக்குப் புண்ணில் நோய்த்தொற்று கண்டது, 36.6 டிகிரியில் காக்கப்பட்டோருள் நூற்றுக்கு 6 பேருக்கே கண்டது. எத்தனை டிகிரி போதும் என்பதில் பின்வந்த ஆய்வுகள் வேறுபடலாம். நோயாளியைக் குளிரவிடலாம் என்று எவரும் கூறவில்லை.

கிடத்தும் முறையும் அத்தகையதே. முழங்கையில் எலும்பை ஒட்டி ஓடும் அல்னார் நரம்பு அழுந்தினால் விழித்திருப்பவர் கையை நகர்த்துவார். மயங்கியவரால் இயலுமா?

‘கத்தி பிடிப்பவரின் திறமையன்றோ முதன்மை?’ எனச் சிலர் கேட்கலாம். அத்திறமையை நான் மறுக்கவில்லை. எல்லா நரம்புக்கேடும் கவனக்குறைவால் வருவதன்று என்பதையும் அறிவேன். ஆயினும், அறுவைக்கு முன் அரைமணி நேரம் சூடாகப் போர்த்துவதும், முழங்கையடியில் மெத்தை வைப்பதும், கையைத் தோளிலிருந்து 90 பாகைக்கு மேல் விரிக்காதிருப்பதும் பெருஞ்செலவா? இவை கருணைச் செயல்கள் அல்ல, சிகிச்சையின் பகுதிகள்.

மருத்துவம் பயிலும் நண்பர்களே, நாளை அறுவைக்கூடத்தில் நிற்கும்போது வெப்பமானியைப் பாருங்கள். நோயாளியின் முழங்கையைத் தொட்டுப் பாருங்கள். பிற துறை நண்பர்களே, உங்கள் வீட்டார் அறுவைக்குச் செல்லுமுன் இவ்விரண்டையும் மருத்துவரிடம் கேளுங்கள். அன்று நான் கேட்கத் தெரியாமல் நின்றேன்.