விரால் வசிக்கும் ஏரி

இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன், தை மாதம் ஊருக்கு வரப்போவதாகக் கடிதம் எழுதியிருக்கிறான். க்ஷேம லாபங்களை விசாரித்த பிறகு ஒரு கேள்வி: "மாமா! திருவண்ணாமலைப் பக்கத்தில் பைக் பிடிப்பதற்கு நல்ல ஏரி எது? ஆறு எது?" இதை நான் உரக்க வாசித்ததும் வீட்டில் பெரிய குழப்பம் உண்டாகிவிட்டது. "பைக் வேண்டுமானால் டவுனில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அதற்காக ஏரியில் இறங்குவானேன்?" என்றாள் என் சம்சாரம். பையன் குறிப்பிட்டது இரண்டு சக்கர வண்டியை அல்ல, சீமையில் அந்தப் பெயரோடு ஒரு மீன் உண்டு என்று நான் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

பைக் என்பது ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய குளிர்ப் பிரதேசங்களின் ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழும் மீன். நீண்ட உடல், வாத்தின் அலகைப் போல் தட்டையான வாய், அந்த வாய் நிறையப் பற்கள். நீர்ப் பூண்டுகளுக்குள்ளே அசையாமல் நின்று, அருகில் வரும் சிறு மீன் மேல் அம்பு போல் பாயும். ஐஸக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1653-ல் தூண்டில் வித்தையைப் பற்றி எழுதிய பிரசித்தி பெற்ற புஸ்தகத்தில் இந்த மீனுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். நம் தமிழ்நாட்டு ஏரி எதிலும் அது கிடையாது. ஆனால், அதே தொழிலை அதே சாமர்த்தியத்துடன் நடத்தி வரும் ஆசாமி ஒருவர் இங்கே இருக்கிறார். அவர்தான் விரால்.

மரக்கறி உணவே கொள்ளும் நேயர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சட்டி வரைக்கும் நான் போகப் போவதில்லை. ஏரிக்கரையோடு நிற்கப் போகிறேன்.

தூண்டில் போடுவது இந்தக் காலத்து வாலிபர்கள் வெளிதேசத்திலிருந்து கொண்டுவந்த வேடிக்கை என்று சிலர் நினைக்கிறார்கள். மதராஸ் சிவில் ஸர்வீஸில் இருந்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் என்ற துரை, இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-ல் ஒரு புஸ்தகமும், முக்கியமாக ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி 1887-ல் இன்னொரு புஸ்தகமும் எழுதினார். அவர் எழுதியது மெய்தான். ஆனால், எந்த ஏரியில் எந்த மூலையில் உட்கார வேண்டும் என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தவர்கள் மூங்கில் கழியும் மண்புழுவும் வைத்துக்கொண்டிருந்த நம் ஊர்ப் பையன்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நிற்க. நல்ல இடம் எது என்ற கேள்விக்கு வருவோம்.

வெளியூரிலிருந்து வருகிறவர் முதலில் கேட்பது சாத்தனூர் அணையை. தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டி முடித்த அணை அது. நீர் மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் பெரிய மீன் இல்லாமல் போகுமா என்பது அவருடைய கணக்கு. பெரிய மீன் உண்டு. ஆனால், வளர்ப்பதற்கென்று விட்ட கட்லா, ரோகு முதலிய கெண்டை ஜாதிகளுக்குத்தான் அங்கே செல்வாக்கு. ஆழமான திறந்த நீர் விராலுக்கு இஷ்டமான இடமல்ல. மேலும், அங்கே மீன் பிடிப்பது அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. அந்த நீரில் முதலைகளும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கரையில் காலை நனைத்துக்கொண்டு உட்காரும் ஆசை தானே அடங்கிவிடும். ஜவ்வாது மலையில் பிறந்து பாலாற்றோடு சேரும் செய்யாறும், திருக்கோவிலூர்ப் பக்கம் போய்த் தென்பெண்ணையில் விழும் துரிஞ்சலாறும் வருஷத்தில் பெரும் பகுதி வெறும் மணலாய்க் கிடக்கின்றன. மழைக்குப் பிறகு மடுக்களில் ஜலம் தேங்கும் சில வாரங்களில் மட்டும் அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஆகவே, விராலைத் தேடுகிறவர் போக வேண்டியது நம் ஊர் ஏரிகளுக்கு. தெற்கத்தியார் கண்மாய் என்று சொல்வதைத்தான் இங்கே ஏரி என்கிறோம். திருவண்ணாமலையைச் சுற்றி எந்தத் திசையில் சைக்கிளை மிதித்தாலும் சீக்கிரத்திலேயே ஓர் ஏரிக்கரை வந்துவிடும். வேங்கிக்காலில் கலெக்டர் காரியாலயத்தை விட்டுச் சிறிது தூரம் நடந்தாலே ஓர் ஏரி இருக்கிறது. மலையடிவாரத்துச் சமுத்திரம் ஏரியோ பெயருக்கேற்றபடி விசாலமானது. ஆனால், ஏரியின் விஸ்தீரணத்தை வைத்து விராலைக் கணக்கிட்டால் ஏமாந்து போவோம். பார்க்க வேண்டியது வேறு.

விரால், மற்ற மீன்களைப் போல் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை மட்டும் நம்பி வாழ்வதில்லை. அதன் தலைக்குள்ளே செவுளுக்கு மேல் ஓர் அறை இருக்கிறது. சில நிமிஷங்களுக்கு ஒரு தடவை மேலே வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கி, அந்த அறையில் அடைத்துக்கொண்டு கீழே போகிறது. மேலே வர முடியாமல் வலையில் சிக்கிக்கொண்டால், மீனாய்ப் பிறந்தும் தண்ணீரில் மூச்சு முட்டியே இறந்துவிடும்! இந்த விசித்திரத்தால் அதற்கு ஒரு லாபம், ஒரு நஷ்டம். லாபம், வேறு மீன் பிழைக்காத சேற்றுக் குட்டையிலும் அது பிழைக்கும். கோடையில் ஜலம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். மழை இரவில் ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தரை மேல் நெளிந்தே போகும். நஷ்டம், அது இருக்குமிடத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிடுகிறது. விடியற்காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால் கரையில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அல்லி இலைகளின் ஓரத்தில் "களுக்" என்று ஒரு சத்தம். அதைச் சுற்றி ஒரு வட்டம். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்திலேயே மறுபடியும் அதே சத்தம். அந்த ஏரியில் விரால் உண்டு.

ஏரியில் வலை போடும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். நல்ல ஏரி எது என்று கேட்டால் அவர் ஜலத்தைப் பார்ப்பதே இல்லை. "சார், சித்திரையில எந்தப் பள்ளத்துல தண்ணி நின்னுச்சின்னு மாடு மேய்க்கிறவனைக் கேளுங்க. அதைச் சொல்லிட்டான்னா ஏரியைச் சொல்லிட்ட மாதிரி" என்பார். இதைவிடச் சுருக்கமாக நான் படித்த எந்தப் புஸ்தகமும் விஷயத்தைச் சொல்லவில்லை. மதகை ஒட்டிக் கோடையிலும் வற்றாத பள்ளம், ஓரத்தில் கோரையும் சம்பும், நடுவே அல்லி, அடைபடாத வரத்துக் கால்வாய் - இவை இருந்தால் பத்து ஏக்கர் ஏரியும் போதும். கால்வாயை ஏன் சொல்கிறேன் என்றால், மழைக் காலத்தில் ஒரு ஏரியின் கோடி வழிந்து அடுத்த ஏரிக்கு ஜலம் போகும்போது மீன் வித்தும் கூடவே போகிறது. கால்வாயின் மேல் வீடு கட்டிவிட்டால் ஜலத்தோடு மீனுக்கும் வழி அடைபட்டுப் போகிறது.

தூண்டில் போடுவதற்கு முன்னால் உரிமையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஏரிகளில் மீன்பாசி குத்தகை ஏலம் விடுவது வழக்கம். பணம் கட்டி எடுத்த குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உட்காருவது, பிறர் தோப்பில் மாங்காய் பறிப்பதற்குச் சமானம். கோவில் தீர்த்தக் குளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அங்குள்ள மீன்கள் பொரி தின்பதற்காகவே பிறந்தவை.

சாதனங்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு உத்தேசமில்லை. மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, தக்கை, முள், மண்புழு என்பது பழைய முறை. விராலுக்குச் சிறு தவளையை உயிரோடு முள்ளில் கோப்பதும் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. வயலில் பூச்சியைத் தின்று நமக்கு உபகாரம் செய்கிற ஜந்து தவளை. தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய சர்க்கார் 1987-ல் தடை செய்ததற்குக் கூறப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று. இப்போது ரப்பரில் செய்த தவளை கிடைக்கிறது. அல்லி இலை மேல் அதைத் தத்தித் தத்தி இழுத்து வந்தால் விரால் ஏமாந்து பாய்கிறது. மனிதர்களே எத்தனையோ ரப்பர் தவளைகளுக்கு ஏமாறும்போது அதைக் குறை சொல்வானேன்?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். மழை தொடங்கி ஏரி நிறையும் பருவத்தில் விரால் ஜோடி சேர்ந்து, பூண்டுகளுக்கு நடுவே வட்டமாக ஓர் இடத்தைச் சுத்தம் செய்து முட்டையிடும். முட்டைகள் பொன்னிறமாய் மேலே மிதக்கும். ஓரிரண்டு நாளில் பொரிந்துவிடும். பிறகு செக்கச் செவேலென்ற குஞ்சுகள், நூற்றுக் கணக்காக ஒரே கூட்டமாய், குங்குமத்தை ஜலத்தில் கரைத்தாற்போல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு நேர் கீழே பெற்றவை காவல் நிற்கும். அநேகமாக தகப்பன் மீன்தான். அந்தச் சமயத்தில் அது எதைக் கண்டாலும் பாயும், பசியினால் அல்ல, குஞ்சுகளைக் காப்பதற்காக. தூண்டில்காரர்களுக்கு இது நன்றாய்த் தெரியும். சிவப்புக் கூட்டத்தைக் கண்டதும் அதன் நடுவிலே முள்ளைப் போடுகிறார்கள். ஒரே வீச்சில் பெரிய விரால் கிடைத்துவிடுகிறது. காவல் போன பிறகு குஞ்சுகள் என்ன ஆகும்? கொக்கும், தண்ணீர்ப் பாம்பும், ஜிலேபிக் கெண்டையும் பார்த்துக்கொள்கின்றன. ஒரு மீன் பிடித்ததாகக் கணக்கு. உண்மையில் போனது ஒரு தலைமுறை. என் வகுப்புப் பையன்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: குஞ்சு சிவப்பாய் இருக்கும் வரையில் அந்த மூலைக்குப் போகாதே. மற்றக் காலத்தில் ஏரியில் ஜலம் குறையக் குறைய மீன் கிடைப்பதும் சுலபம்.

விராலுக்கு இங்கே உள்ள மதிப்பைப் பாருங்கள். சந்தையில் அதை உயிரோடு தண்ணீர்த் தவலையில் வைத்து விற்கிறார்கள். நோயில் கிடந்து எழுந்தவர்களுக்கு அதன் ரசம் நல்லது என்ற நம்பிக்கை நம் நாட்டில் மாத்திரம் அல்ல, மலேயாவிலும் சீனத்திலும் உண்டு. அந்த நம்பிக்கை அமெரிக்காவில் ஒரு பெரிய அமளியையே உண்டாக்கிற்று. மேரிலாண்ட் மாகாணத்தில் கிராப்டன் என்ற ஊர்க் குட்டையில் 2002-ல் சீன தேசத்து விரால் அகப்பட்டது. சகோதரியின் நோய்க்கு ரசம் வைப்பதற்காக ஒருவர் இரண்டு மீன் வாங்கினாராம். அதற்குள் அந்த அம்மாளுக்குக் குணமாகிவிட்டதால், மீன்களைச் சில காலம் தொட்டியில் வைத்திருந்து, கடைசியில் குட்டையில் விட்டுவிட்டாராம். அவை குஞ்சும் குழந்தையுமாய்ப் பெருகிவிட்டன. சர்க்கார் குட்டையில் மருந்தைக் கொட்டி எல்லா மீனையும் கொன்றது. இதே கதை பைக் மீனுக்கும் நேர்ந்திருக்கிறது. கலிபோர்னியாவில் டேவிஸ் ஏரியில் யாரோ அதைக் கொண்டுவந்து விட்டதன் பலனாக, 1997-ல் ஒரு தடவையும் 2007-ல் மறு தடவையும் ஏரி முழுவதற்கும் மருந்து வைத்தார்கள். ஆகையால் "சீமையிலிருந்து நாலு பைக் குஞ்சு கொண்டுவந்து நம் ஏரியில் விடலாமே" என்று யோசிக்கும் புத்திசாலிகள் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட வேண்டும். 1952-ல் ஜிலேபிக் கெண்டை வந்தது; ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-ல் தடை செய்தும் அது ஒழிந்தபாடில்லை. போதும்.

குத்தகைதாரர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. விலை கொடுத்து வாங்கி விட்ட கட்லாக் குஞ்சை விரால் தின்றுவிடுகிறது. ஆகவே அதை விரோதியாகவே பாவிக்கிறார்கள். ஆனால், யாரும் விடாமலே பெருகி ஏரியை அடைத்துக்கொள்ளும் ஜிலேபிக் குஞ்சையும் அதே விரால்தான் தின்கிறது என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. கோடைக் கடைசியில் மதகுப் பள்ளத்தில் மிஞ்சிய ஜலத்தையும் என்ஜின் வைத்து இறைத்து, சேற்றைக் கலக்கி, ஒரு மீன் பாக்கியில்லாமல் எடுத்துவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு விதையாக இருக்க வேண்டிய விரால் அந்தச் சேற்றில்தான் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்துச் சிற்றேரி ஒன்றில், இறைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே என்ஜின் பழுதாகிவிட்டது. ரிப்பேர்க்காரன் நாளை வருகிறேன், நாளை வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பத்து நாள் போயிற்று. அதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் முழங்கால் அளவு ஜலமும் சேறும் அப்படியே தங்கிவிட்டன. அந்த ஐப்பசியில் பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். கரையிலிருந்து எண்ணினோம், சிவப்புக் கூட்டங்கள் ஏழு.