குழந்தைக்கு பாதாம் பால், ராகி பால்: பசும்பாலுக்கு ஈடாகுமா? எண்கள் சொல்வது என்ன?

சித்தூர், திருப்பதி பக்கம் பாலுக்குப் பஞ்சமில்லை. புங்கனூர் குட்டை மாட்டின் பூர்வீகம் பழைய சித்தூர் மாவட்டம்தான். ஆனாலும் பால் குடித்ததும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு என்று வந்தால், "பேசாம பாதாம் பாலுக்கு மாறிடலாமா?" என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம். மாறுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு வயதுக்குள் கொடுக்கலாமா?

கூடாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு 2 வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு டாக்டர் எழுதித் தரும் சோயா ஃபார்முலா வேறு, கடையில் விற்கும் சோயா பானம் வேறு. ஃபார்முலா, கைக்குழந்தைக்குத் தேவையான சத்துகளை அளந்து சேர்த்துத் தயாரிப்பது. சோயா பானம் அப்படியல்ல.

ஒரு வயதுக்குப் பிறகு?

குழந்தை நாளொன்றுக்கு 400 மில்லி குடிப்பதாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து கிடைக்கும் புரதம், தோராயமாக:

பசும்பால்: 12 முதல் 13 கிராம்
சோயா பானம்: சுமார் 12 கிராம்
ஓட்ஸ் பானம்: சுமார் 4 கிராம்
பாதாம் பானம்: சுமார் 2 கிராம்
அரிசி பானம்: சுமார் 1 கிராம்

பார்க்க எல்லாம் வெள்ளைதான். ஆனால் சோயாவைத் தவிர மற்றவை புரதத்தில் பாலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது ஐ.சி.எம்.ஆர். 400 மில்லி பசும்பாலில் சுமார் 480 மில்லிகிராம் கிடைத்துவிடும். வீட்டில் அரைத்து வடிகட்டும் பாதாம் பாலில் அதில் சிறு பங்குகூட வராது. வைட்டமின் பி12 தாவரப் பாலில் இயற்கையாகவே இல்லை, தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. அரிசி பானத்தையே முக்கிய உணவாகக் குடித்த குழந்தைக்கு கடும் புரதக் குறைபாடும், சத்து சேர்க்காத சோயா பானம் குடித்த இன்னொரு குழந்தைக்கு எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸும் வந்ததை 2001-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. இரண்டுமே நடை பழகும் வயதுக் குழந்தைகள். அரிசியில் ஆர்செனிக் இருக்கக்கூடும் என்பதால், 5 வயதுக்குள் அரிசி பானமே வேண்டாம் என்கிறது பிரிட்டன் அரசின் சுகாதாரத் துறை.

நம்ம ஊர் ராகி பால்?

ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, வடிகட்டிக் காய்ச்சும் ராகி பால் இங்கே பல வீடுகளில் குழந்தையின் முதல் உணவு. 6 மாதத்துக்குப் பிறகு இணை உணவாக அது நல்லதே. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் ஒரு வேளைக்கு நாம் போடுவது 20 கிராம்தான், அதாவது 70 மில்லிகிராம். வடிகட்டும்போது அதிலும் கொஞ்சம் சக்கையோடு போய்விடும். ஆகவே ராகி பால் ஓர் உணவு, பாலுக்கு மாற்று அல்ல.

பசும்பாலும் அளவோடுதான்

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), ஆந்திராவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 31.2% பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையிலானோரில் 63.2% பேருக்கு ரத்தசோகை. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அரை லிட்டருக்கு மேல் குடித்து வயிறு நிறைந்துவிட்டால் பருப்பு, கீரை, முட்டைக்கு இடமிருக்காது.

லேபிளில் 'பால்' இருக்காது

தாவர பானங்களை 'பால்' என்று பெயரிட்டு விற்கக் கூடாது என்று 2021-ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நடவடிக்கை எடுத்தது. அதனால்தான் பல பாக்கெட்டுகளில் 'பானம்' என்றிருக்கிறது. அந்தச் சொல்லை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ஒவ்வாமைதானா என்று டாக்டரிடம் உறுதி செய்யுங்கள். பால் புரத ஒவ்வாமை வேறு, லாக்டோஸ் செரிக்காமல் போவது வேறு. லாக்டோஸ் சிக்கல் என்றால் தயிர் ஒத்துக்கொள்ளலாம். புரத ஒவ்வாமை என்றால் தயிரும் ஆகாது. ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஆகாது.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு மாற்றியே ஆகவேண்டும் என்றால், சர்க்கரை சேர்க்காத, கால்சியம், வைட்டமின் டி, பி12 சேர்த்த சோயா பானமே பாலுக்கு நெருக்கமானது. சோயாவும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, கவனியுங்கள். விலையும் பாக்கெட் பாலைவிட அதிகம். அது கட்டுப்படியாகாவிட்டால், பருப்பு, முட்டை, ராகி, கீரை வைத்து எப்படி ஈடுகட்டுவது என்று ரூயா போன்ற அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கேளுங்கள். மாதாமாதம் அங்கன்வாடியில் எடையும் உயரமும் பாருங்கள். மாற்றிய பால் உடம்பில் ஒட்டுகிறதா என்று அந்த அட்டையே சொல்லிவிடும்.