வொஷிங் மெஷின் வாங்கப் போகும் ஆண்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபமும் வரலாம். கோபப்படுகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

"சேர், எந்த வொஷிங் மெஷின் நல்லது? எந்த பிராண்ட் எடுக்கலாம்?"

பெருநாள் கழிவு போடும் காலம் வந்தால் இந்தக் கேள்வி எனக்கு வந்துகொண்டே இருக்கும். கேட்கிறவர்கள் எல்லோரும் ஆண்கள். அந்த மெஷினில் துவைக்கப் போகிறவர்கள் எல்லோரும் பெண்கள். நமது ஊரில் வாங்கிய மெஷின் சில வருடத்திலேயே மூலைக்குப் போய், அதன் மேல் அரிசி மூட்டை ஏறுவதற்கு முதல் காரணம் இதுதான். பாவிக்காதவர் தெரிவு செய்கிறார். பாவிக்கிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கடைக்குள் போனதும் நாம் எதைப் பார்க்கிறோம்? கதவு கறுப்புக் கண்ணாடியா, ஃபோனில் இயக்கலாமா, எத்தனை வீதம் கழிவு, கூடவே அயன் பொக்ஸ் இலவசமா. இவற்றில் ஒன்றுகூட அந்த மெஷின் எத்தனை வருடம் ஓடும் என்று சொல்லாது.

எல்லா வீட்டுக்கும் பொதுவான "நல்ல மெஷின்" என்று ஒன்று இல்லை. உங்கள் வீட்டுத் தண்ணீருக்கும், உங்கள் வீட்டுக் கரண்டுக்கும், உங்கள் ஊரில் திருத்துகிற ஆளுக்கும் பொருந்துவதே நல்ல மெஷின். இந்த மூன்றையும் பார்க்காமல் பிராண்ட் பேசுவது, பிள்ளையின் கால் அளவு தெரியாமல் சப்பாத்து வாங்குவது போன்றது.

முதலில் தண்ணீர். நமது கரையோர ஊர்களில் மணல் நிலம். கிணற்றுத் தண்ணீரில் சில வீடுகளில் உவர், சில வீடுகளில் இரும்பு, சில வீடுகளில் மோட்டர் போட்டாலே மணல். உப்புத்தன்மையும் கடினத்தன்மையும் கூடிய தண்ணீரில் சவர்க்காரத் தூள் நுரைக்காது. தண்ணீரைச் சூடாக்கும் மெஷினில் ஹீட்டரின் மேல் சுண்ணாம்பு படியும். தண்ணீர் உள்ளே வரும் வாயில் இருக்கும் சிறிய வலையில் மணல் அடைத்தால், மெஷின் தண்ணீர் வரவில்லை என்று நின்றுவிடும். நாம் உடனே "பழுது" என்று கடைக்காரனைத் திட்டுவோம். இரும்புத் தண்ணீரில் பிள்ளைகளின் வெள்ளை யூனிஃபோம் மஞ்சளாவதை நான் தினமும் காலைக் கூட்டத்தில் பார்க்கிறேன். எவ்வளவு விலை உயர்ந்த மெஷினாலும் அதை மாற்ற முடியாது. முதலில் பில்டர் பூட்ட வேண்டும்.

அடுத்தது தண்ணீரின் அழுத்தம். தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். பல ஃபுல் ஓட்டோ மொடல்களின் கையேட்டில் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் வேண்டும் என்று இருக்கும். அதாவது தாங்கியின் தண்ணீர் மட்டம் மெஷினின் குழாயை விட 3 முதல் 5 மீற்றர் வரை உயர இருக்க வேண்டும். மேல்மாடியில் தாங்கிக்குக் கீழேயே மெஷினை வைத்துவிட்டு "தண்ணீர் எடுக்க ஒரு மணித்தியாலம் போகிறது" என்று சொன்னால் யார் குற்றம்? கடைக்குப் போகும் முன் ஒரு அளவு நாடாவை எடுத்து அளந்து பார்க்க நமக்கு நேரமில்லையா?

இரண்டாவது கரண்ட். இன்றைய மெஷின்களின் மூளை ஒரு சிறிய எலக்ட்ரோனிக் போர்ட். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ஏறும் வோல்டேஜும், ஒக்டோபர், நவம்பர் இடி மின்னலும், உள்ளே போகும் பல்லியும் எறும்பும் அதற்கு எமன். துவைத்து முடிந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். அதைவிட முக்கியம், எர்த் வயரும் ட்ரிப் சுவிட்சும் சரியாக வேலை செய்கிறதா என்று வயரிங் தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள். ஈரக் கையோடு, வெறுங்காலோடு அந்த மெஷினைத் தொடப் போவது உங்கள் உம்மாவும் மனைவியும். சுடுதண்ணீரில் துவைக்கும் ஹீட்டர் சுமார் 2000 வொட் இழுக்கும். மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் மின்கட்டணம் எப்படி ஏறுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது திருத்துகிற ஆள். "மோட்டருக்கு 10 வருட வொரண்டி" என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். மோட்டருக்கு மட்டும்தான். பெரும்பாலும் பழுதாவது தண்ணீர் வெளியேற்றும் பம்ப், உள்ளே எடுக்கும் வால்வு, போர்ட், பெயாரிங், கதவு ரப்பர். இவற்றுக்கு எத்தனை வருடம் என்று கேளுங்கள். அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். திருத்துபவர் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார், வரும் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, உதிரிப்பாகம் கிடைக்காத பொருள் வீட்டில் வெறும் தகரப் பெட்டி என்பதை நாடே படித்தது. அந்தப் பாடத்தை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோம்.

இனி கௌரவப் பிரச்சினைக்கு வருகிறேன். இரண்டு தொட்டி உள்ள செமி ஓட்டோ மெஷின் என்றால் நமக்கு இளக்காரம். உண்மையில் தண்ணீர் அழுத்தம் குறைந்த, கரண்ட் அடிக்கடி போகிற வீட்டுக்கு அதுதான் பொருத்தம். வாளியாலும் தண்ணீர் ஊற்றலாம். கையால் திருப்பும் டைமர் உள்ளதென்றால், கரண்ட் வந்ததும் டைமரை மீண்டும் திருப்பி ஓட்டலாம். பழுதானால் ஊரிலேயே திருத்துவார்கள். குறை என்னவென்றால், ஈரத் துணியைக் கையால் ஒரு தொட்டியிலிருந்து மற்றத் தொட்டிக்கு மாற்ற வேண்டும், தண்ணீரும் கூடச் செலவாகும். முதுகு வலி உள்ள உம்மாவுக்கு அது சரிவராது. அவருக்கு ஃபுல் ஓட்டோ டொப் லோட் நல்லது. ஃப்ரன்ட் லோட் தண்ணீரை மிச்சம் பிடிக்கும், நன்றாகத் துவைக்கும். ஆனால் குழாய்த் தண்ணீர், உறுதியான சமதளம், நுரை குறைந்த தூள், கதவு ரப்பரைத் துடைக்கிற பழக்கம் எல்லாம் வேண்டும். யாருக்கு எது என்பதை வீட்டு நிலைமை தீர்மானிக்கட்டும், பக்கத்து வீட்டார் தீர்மானிக்க வேண்டாம்.

மகளுக்குக் கட்டும் வீட்டில் பூச்சு வேலை முடியவில்லை. எர்த் கம்பி இறக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது ஃப்ரன்ட் லோட் மெஷின் நிற்க வேண்டும். அதற்காக அந்த வாப்பா தவணைக் கடனில் கையெழுத்துப் போடுகிறார். மாதத் தவணையை மாதங்களால் பெருக்கி, காசுக்கு வாங்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்குதான் இது. தவணை பிந்தினால் ஏறும் தொகை என்ன வகை என்பதை ஒரு ஆலிமிடமும் கேளுங்கள். எடுப்பான மெஷினைக் கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரும் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.

"எங்கட உம்மா பத்துப் பிள்ளைகளுக்குக் கையால துவைச்சா, இந்தக் காலத்துப் பொம்புளைகளுக்குச் சொகுசு" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த உம்மாவின் கைவிரல்களையும் முழங்காலையும் போய்ப் பாருங்கள். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! கேட்டுவிட்டு வந்து சாரத்தைக் கழற்றி மூலையில் போடுகிறோம்.

ஆகவே சகோதரர்களே, மனைவியையோ உம்மாவையோ கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். மூடியைத் திறந்து, குனிந்து, அடித்தொட்டியில் கை எட்டுகிறதா என்று அவரே பார்க்கட்டும். 7 கிலோ என்பது காய்ந்த துணியின் எடை. பெட்ஷீட்டும் அபாயாவும் அமுக்கித் திணித்தால் பெயாரிங் போகும். வீட்டில் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை தடவை துவைக்கிறோம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஒரு வேண்டுகோள். கொமெண்டில் வெறுமனே பிராண்ட் பெயரை எழுத வேண்டாம். என்ன வகை மெஷின், எந்த வருடம் வாங்கியது, கிணற்றுத் தண்ணீரா குழாய்த் தண்ணீரா, என்ன பழுது வந்தது, எத்தனை நாளில் திருத்தினார்கள் என்று எழுதுங்கள். வீட்டில் துவைக்கிறவரிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த பெருநாளுக்கு வாங்கப் போகும் ஒருவருக்கு அது எந்தக் கடைக்காரரின் பேச்சையும் விடப் பிரயோசனமாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.