அரணையா, சாலமாண்டரா? படம் எடுக்கும் முன் ஒரு நிமிஷம்!

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையில் இருக்கிறது நெல்லிவாசல்நாடு. அங்கே கல்லைப் புரட்டினால் பளபளவென்று ஓடும் அரணையைப் படம் எடுத்து, 'சாலமாண்டர்' என்று இணையத்தில் போட்டால் என்ன ஆகும்? லைக் கிடைக்கும். கூடவே ஒரு தப்பும் பரவும். ஏனென்றால், தமிழ்நாட்டில் எந்த மலையிலும் சாலமாண்டர் கிடையாது!

அரணை, பல்லி, ஓணான் போல ஊர்வன வகை. செதில் உண்டு, விரலில் நகம் உண்டு. சாலமாண்டர் தவளையின் உறவு. செதிலும் கிடையாது, நகமும் கிடையாது, தோல் எப்போதும் ஈரமாக இருக்கும். இந்தியாவில் இவை இருப்பது டார்ஜிலிங், சிக்கிம் தொடங்கி வடகிழக்கு மலைகளில் மட்டும்தான்.

அங்கேயும் பெயர்க் குழப்பம் நடந்திருக்கிறது. 1871-ல் ஜான் ஆண்டர்சன் என்ற விலங்கியலாளர், சீனாவின் யுன்னான் பகுதியில் கிடைத்த சாலமாண்டருக்கு 'டைலோடோட்ரைட்டன் வெருகோசஸ்' என்று பெயர் வைத்தார். நேபாளம், டார்ஜிலிங்கில் இருப்பதும் அதேதான் என்று நூறு வருடங்களுக்கு மேலாக நம்பினார்கள். உடல் அளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அது வேறு இனம் என்று தெரிந்தது. 2015-ல் அதற்கு 'டைலோடோட்ரைட்டன் ஹிமாலயானஸ்' என்று பெயர் சூட்டினார்கள். 2023-ல் மணிப்பூரின் ஜைமெங் ஏரிப் பகுதியிலிருந்து இன்னொரு புது இனமும் அறிவிக்கப்பட்டது.

பெயர் மாறினால் என்ன? இங்கேதான் விஷயமே இருக்கிறது. சீனா வரை பரவிய ஒரே இனம் என்றால், ஒரு குளம் வற்றினால் பெரிய கவலை இல்லை. சில மலைகளில் மட்டுமே இருக்கும் இனம் என்றால், ஒவ்வொரு குளமும் முக்கியம். இவை மழைக்காலத்தில் முட்டையிட குளத்தைத் தேடி வரும். குஞ்சுகள் செவுளோடு தண்ணீரில்தான் வளரும். மற்ற மாதங்களில் கல், மரக்கட்டைக்கு அடியில் ஒளிந்து கிடக்கும். குளத்தை மூடினால் அடுத்த தலைமுறையே இல்லை. டார்ஜிலிங் அருகே ஜோர்பொக்ரி என்ற இரட்டைக் குளத்தைச் சுற்றி, 1985-லேயே இவற்றுக்காகச் சரணாலயம் அமைத்தார்கள். பரப்பு சுமார் 4 ஹெக்டேர்தான்!

எந்த உயிர் எந்த ஊரில் இருக்கிறது என்ற வரைபடம், இப்படி ஒவ்வொரு புள்ளியாகத்தான் உருவாகிறது. இன்று 'ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற தளங்களில் பொதுமக்களும் புள்ளி வைக்கலாம். தெளிவான படம், இடம், தேதி மூன்றும் இருந்தால் போதும். பெயர் தெரியாவிட்டால் சும்மா விடுங்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

ஜவ்வாது மலை அரணைக்கும் இது பொருந்தும். 'அரணை கடித்தால் மரணம்' என்று சொல்லி அதை அடித்துக் கொல்கிறோம். அரணைக்கு விஷமே கிடையாது. அடுத்த முறை பார்த்தால் கம்பைத் தேடாதீர்கள், போனை எடுங்கள். கிளிக் செய்துவிட்டு, புரட்டிய கல்லை மெதுவாகப் பழைய இடத்திலேயே வையுங்கள். அது அதன் வீடு!