நோயாளரின் பெயர் எந்தப் பதிவேட்டில்?

நீரிழிவுக்கோ உயர் குருதியமுக்கத்துக்கோ தொடர்ந்து மருந்தெடுக்கும் ஒருவரது நோய் வரலாறு இந்நாட்டில் எங்கே இருக்கின்றது? பெரும்பாலும், கிளினிக் நாளில் அவர் கையில் கொண்டுசெல்லும் கொப்பியில்தான். கொப்பி தொலைந்தால் வைத்தியர் முதலிலிருந்தே விசாரிக்க வேண்டும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2025 நவம்பரில் வந்த டித்வா புயலும் வீடுகளையே வாரிச்சென்றதை எண்ணிப் பார்த்தால் இதன் பாரதூரம் விளங்கும்.

பிரித்தானியாவில் 1948ஆம் ஆண்டு தேசிய சுகாதார சேவை தொடங்கியது முதல், மக்கள் தமது பகுதி வைத்தியரிடம் பெயரைப் பதிந்துகொள்வது வழக்கமாகியுள்ளது. இங்கோ எவரும் எந்த அரச வைத்தியசாலைக்கும் கடிதமின்றிச் செல்லலாம். இலவச சுகாதார சேவை எமக்களித்த பெரும் உரிமை இது. ஆயினும், அருகிலுள்ள வைத்தியசாலையைக் கடந்து சிறு காய்ச்சலுக்கும் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்போர் பலர். அங்கு ஓரிரு நிமிடங்கள் பார்க்கும் வைத்தியருக்கு நோயாளி புதியவராகவே இருக்கின்றார்.

பதிவு என்பது எமக்குப் புதிதன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு உருவான காலந்தொட்டு வளர்ந்த கட்டமைப்பில், குடும்பநல உத்தியோகத்தர் தமது பிரிவின் கர்ப்பிணித் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடுவீடாகச் சென்று பதிகின்றார். தாய், சேய் மரணங்களைக் குறைத்ததில் இப்பதிவேட்டின் பங்கு பெரிது. ஆனால் அதே குழந்தை வளர்ந்து நாற்பது வயதில் நீரிழிவுக்கு ஆளாகும்போது அவரது பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. நாட்டின் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தொற்றா நோய்களால் நிகழ்கையில் இது சாதாரண குறைபாடன்று.

இக்குறையைத் தீர்ப்பதற்கான கொள்கை 2018இலேயே வகுக்கப்பட்டது. உலக வங்கியும் அவ்வாண்டில் ஆரம்ப சுகாதார சேவையை வலுப்படுத்த 200 மில்லியன் டொலர் கடனுதவிக்கு அங்கீகாரம் அளித்தது. பிரதேச வைத்தியசாலைகளிலும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகுகளிலும் அப்பகுதி மக்களைப் பதிந்து, ஒவ்வொருவருக்கும் தனிநபர் சுகாதார இலக்கம் வழங்குவதே நோக்கம். இதனை நாம் வரவேற்கின்றோம். எனினும், எமது மக்களைப் பொறுத்தவரை மூன்று விடயங்கள் கவனத்திற்குரியவை.

முதலாவது முகவரி. மலையகத் தோட்டங்களில் லயன் அறைகளில் வாழ்வோர் பலருக்குத் தனி வீட்டிலக்கம் இல்லை. முகவரி இல்லாமை பதிவுக்குத் தடையாகக் கூடாது. இரண்டாவது மொழி. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியான பின்னரும், புரியாத மொழியில் நிரப்பப்பட்ட படிவத்தில் கையொப்பமிடும் நிலை நீடிக்கலாகாது. முஸ்லிம் பெயர்கள் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதப்படின், ஒருவரே இரு நோயாளர்களாகிவிடுவார். மூன்றாவது வதிவிடம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பலர் இன்றும் புத்தளத்துக்கும் சொந்த மண்ணுக்குமிடையே வாழ்கின்றனர். ஓரிடத்தில் பதிந்தமைக்காக மற்றோரிடத்தில் சிகிச்சை மறுக்கப்படின், பதிவு உரிமையைப் பறிக்கும் கருவியாகிவிடும்.

அனைத்துக்கும் மேலாக, பதிந்த இடத்தில் வைத்தியரும் மருந்தும் இருக்க வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். அதன் தாக்கத்தை முதலில் உணர்பவை கிராமப்புற வைத்தியசாலைகளே. வைத்தியர் இல்லாத அறையின் வாசலில் இலக்கத்துடன் நிற்பவர், அடுத்த தடவை நேராகப் போதனா வைத்தியசாலைக்கே செல்வார். அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. ஆகவே, பதியப்பட்டோர் தொகையைக் கூறித் திருப்தியடையாது, அவர்களில் எத்தனை பேர் அதே இடத்துக்குத் திரும்பி வந்தனர் என்பதைச் சுகாதார அமைச்சு கணக்கிட வேண்டும். திட்டத்தின் வெற்றியை அந்தக் கணக்கே கூறும்.