தபால் கட்டணமும் ஆரணி நெசவாளரும்

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது ஊருக்குப் பெருமை. ஆனால் பெருமை மட்டும் நெசவாளியின் வயிற்றை நிரப்பாது. அவனும் அவனுடைய கூட்டுறவுச் சங்கமும் தரகரின் தயவை எதிர்பாராமல், தூரத்தில் வாங்குவோருக்குச் சரக்கை நேரே அனுப்ப முடிந்தால்தான் உழைப்பின் பலன் உழைத்தவனைச் சேரும். அதற்கு வழி பார்சல் ஒன்றே. ஆகவே, பார்சலுக்குக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அற்ப விஷயமென்று தள்ளிவிட இயலாது.

தூரத்திற்குத் தக்கபடி தபால் கூலி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 1854-ஆம் வருஷத்தில், கால் தோலாக் கடிதம் தேசத்தின் எந்த மூலைக்குச் சென்றாலும் அரையணா என்று விதி ஏற்பட்டது. எடையே பிரமாணமாயிற்று. 1879-இல் காலணாக் கார்டும் வந்தது. ஏழைக்கும் எளிதில் விளங்கிய கணக்கு அது.

இப்பொழுது எடையோடு பருமனும் சேர்ந்துகொண்டது. பார்சல் தொழிலில் பரவலாக வழங்கும் முறை இது: பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுப்பார்கள். வருவது கிலோக் கணக்கு. மெய்யான எடை, இந்தக் கணக்கெடை, இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 600 கிராம் புடவையொன்றை 40, 30, 6 சென்டிமீட்டர் அளவுள்ள அலங்காரப் பெட்டியில் வைத்தால், அது 1 கிலோ 440 கிராமாகிவிடும். அதையே 30, 25, 4 அளவுக்கு மடித்துக் கட்டினால் 600 கிராமுக்கு மேல் போகாது. மிச்சமெல்லாம் காற்றுக்குக் கொடுக்கும் கூலி!

இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமன்று. பிரிட்டனில் 2006-ஆம் வருஷம் முதல் கடிதத்தின் அளவும் தடிப்பும் கட்டணத்தில் சேர்க்கப்பட்டன. அமெரிக்காவில் சதுரமான உறைக்குத் தனிக் கட்டணம் உண்டு. பிரித்தடுக்கும் யந்திரம் அதை ஏற்பதில்லை என்பது காரணம். லாரியிலும் விமானத்திலும் இடத்திற்கு விலை உண்டென்பதை நாமும் மறுக்கவில்லை. அதிக வேலைக்கு அதிகக் கூலி கேட்பது நியாயமே.

ஆனால் நியாயமான விதியும் மறைவாயிருந்தால் அநியாயமாகிவிடும். 1898-ஆம் வருஷத்துத் தபால் சட்டத்தில் உள்நாட்டுக் கட்டண அட்டவணை சட்டத்தின் அங்கமாகவே இருந்தது. அதை மாற்றும்போது ஜனப் பிரதிநிதிகள் கேள்வி கேட்க இடமிருந்தது. அதற்குப் பதிலாக 2023-இல் நிறைவேறி 2024 ஜூனில் அமலுக்கு வந்த சட்டத்தில் அத்தகைய அட்டவணை இல்லை. கட்டணங்களை ஒழுங்குமுறைகள் மூலம் நிர்ணயிக்கும் அதிகாரம் தபால் டைரக்டர் ஜெனரலிடம் இருக்கிறது. அதிகாரம் ஓரிடத்தில் குவியும்போது, அதைக் கண்காணிக்கும் கடமை ஜனங்களுக்கு இரட்டிப்பாகிறது.

நாம் கோருவது அதிகமில்லை. அளவு விதியும் கட்டணமும் ஒவ்வொரு தபாலாபீசிலும் தெளிவான தமிழில் எழுதி ஒட்டப்படவேண்டும். அளவுகோல் அனுப்புவோன் கண்முன் வைக்கப்படவேண்டும். குறைந்த தொகையைப் பெறுவோனிடம் இரட்டிப்பாக வசூலிக்கும் பழைய வழக்கத்துக்கு இடம் வைக்காமல், கட்டும் தொகை முழுவதையும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். வாசலில் அபராதம் கொடுத்துப் புடவை வாங்கியவள் மறுமுறை ஆரணிக்கு எழுதமாட்டாள்.

நெசவாளர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டணம் ஏறிற்றே என்று புலம்புவதால் பயனில்லை. புடவைக்கேற்ற சிறிய பெட்டி ஒன்றை எல்லாச் சங்கங்களும் ஒரே அளவில் செய்துகொள்ளலாமே. ஜரிகையின் ஒளி புடவையில் இருந்தால் போதும், பெட்டியில் வேண்டியதில்லை. சர்க்கார் விதியை வெளிச்சத்தில் வைக்கட்டும்; நெசவாளர் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். இரண்டும் நடந்தால், தரகருக்குப் போகும் பணத்தில் ஒரு பங்காவது தறிக்குத் திரும்பும்.